மேனேஜர் போய்ப் படுத்த கடை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் பேசினால் நீ நடுவில் அம்மா அம்மா என்று குழைவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும், கடிதத்தில் யாரும் குறுக்கே புக முடியாது. கடை நன்றாகவே ஓடுகிறது. மழைக்கு முன்னால் எப்போதும்போல லாரிக்காரர்கள் தார்ப்பாய் கேட்டு வருகிறார்கள், கயிறுதான் கொஞ்சம் மந்தம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, தேவலை என்றால் சும்மா இல்லை, இரண்டு மாதமாக மாலையானால் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுகிறார், நானும் பரவாயில்லையே மனுஷனுக்கு இந்த வயதிலாவது சுறுசுறுப்பு வந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் முக்கியமாக நம் மேனேஜரைப் பற்றியது. கல்லூரியிலிருந்து வரும்போது பைக்குள் போட்டு நீ தூக்கிவந்த நாய்க்குட்டி, இப்போது முகவாய் முழுக்க நரைத்துவிட்டது, ஆனாலும் கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை, லாரிக்காரர்கள் சும்மாவா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். போன மாதம் ஒரு மில் ஏஜென்ட் புதுச் சரக்கு என்று சொல்லி முப்பது தார்ப்பாய்க் கட்டு இறக்கினான். பளபளவென்று இருந்தது, நானும் தடவிப் பார்த்து முனையை இழுத்துப் பார்த்துச் சரி என்றுவிட்டேன். புதுக் கட்டு வந்தால் மேனேஜர் அதன் மேல் ஏறிப் படுக்காமல் விடாது, உனக்குத் தெரியும். அன்றைக்கு மோந்து பார்த்துவிட்டு தும்மல் போட்ட மாதிரி மூக்கால் சீறிக்கொண்டு தள்ளிப் போய்விட்டது. நான் விடவில்லை, ஒரு கட்டைப் பிரித்து உள்மடிப்புவரை பார்த்தேன், பழைய தார்ப்பாயைக் கழுவி மெருகு போட்டு மடித்திருந்தான். ஏஜென்ட் என்னைப் பார்த்து, என்னம்மா நாயை நம்பி வியாபாரம் பண்றீங்களா என்று இளித்தான். ஆமாம்ப்பா, அது உன்னை மாதிரி ரெண்டு பேச்சு பேசாது என்று சொல்லி அனுப்பினேன். மழை விஷயமும் அப்படித்தான், வானம் வெளுத்துக் கிடக்கும்போதே எழுந்து உள்ளே வந்து கல்லாவுக்குக் கீழே சுருண்டுகொண்டால் நான் வெளியில் விரித்த சரக்கை எடுக்கச் சொல்லிவிடுவேன், இதுவரை ஏமாந்ததில்லை.

ஆனால் உனக்கென்று அது வைத்திருக்கும் ஒரு குரல் உண்டே, அதை வேறு யாருக்கும் அது செலவு செய்ததில்லை. எனக்கு வால், அப்பாவுக்குப் பாதி வால், நீ ஊரிலிருந்து வந்தால் மட்டும் எண்ணெய் போடாத கதவு மாதிரி மெல்லிசாக ஒரு முனகல், அப்புறம் குட்டியைப் போல நின்ற இடத்திலேயே ஒரு சொட்டு விட்டுவிடும், நாம் சிரிப்போம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நம் கடைக்கு எதிர் வரிசையில், வளைவைத் தாண்டி மூடிக் கிடந்த அந்தப் பழைய மருந்துக் கிடங்கை யாரோ எடுத்து வேலை பார்க்கிறார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உள்ளே தச்சுவேலை. யார் எடுத்தது, என்ன வியாபாரம், தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. காலையில் நான் மேனேஜரை நடக்கக் கூட்டிப் போனால் அந்த வாசலில் வந்து நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. இரண்டு முறை கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது, கடைப் பையனை விட்டுத் தூக்கிவரச் சொன்னேன். தச்சர் பிஸ்கட் போட்டுப் பழக்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னால் அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அதுக்கு மூக்கு செத்துப்போச்சு, கண்ட எடத்துல போய்ப் படுக்குது, பேசாம நம்ம கோழிப்பண்ணைக்காரர்கிட்ட விட்டுடலாம் என்றார். ஒரு நாள் இல்லை, தினமும் இதே பாட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் அல்லவா, நீயும் அதையே சொன்னாய், வயசாயிடுச்சும்மா, ரோட்டுல லாரி அடிச்சுடும், பண்ணையில நிம்மதியா கெடக்கும் என்று. அங்கே குளிர் தாங்கவில்லை, தொண்டை கட்டிக்கொண்டது என்றும் சொன்னாய், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்று நானும் சொன்னேன். நாம் பேசிக்கொண்டிருந்தபோது மேனேஜர் போன் பக்கமே திரும்பவில்லை, வாசற்கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது, அவசரமாக்கும் என்று திறந்துவிட்டேன், வெளியே போகாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றது. இருவரும் ஒரே வார்த்தை சொல்கிறீர்களே, அதன் நல்லதுக்குத்தான் சொல்வீர்கள் என்று நானும் அரை மனதாகத் தலையாட்டினேன். பண்ணைக்காரர் புதன்கிழமை வண்டி அனுப்புவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலையில் அது மறுபடி பட்டையை உருவிக்கொண்டு ஓடியது. நாளைக்குப் போகப் போகிற ஜீவன், நாமே போய்க் கூட்டிவருவோம் என்று ஷட்டருக்குக் கீழே குனிந்து நானே உள்ளே போனேன். ஒரு மடக்கு நாற்காலி, அதற்கு அடியில் மேனேஜர். நாற்காலி முதுகில் ஒரு துண்டு தொங்கியது, அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அந்த முனகல் முனகியது. தரை நனைந்திருந்தது. தச்சர், இது உங்க நாயாம்மா, எங்க யாரையும் சட்டை பண்ணாது, நேரா ஓனர் நாற்காலிக்குத்தான் போகும் என்றார். ஓனர் யாருப்பா என்றேன். வெளியூர்க்காரரும்மா, வந்தா தெருமுனை லாட்ஜுலதான் தங்குவாரு, ஞாயித்துக்கெழமை இங்க வந்துட்டுப் போனாரு, மத்தபடி ஒரு பெரியவர்தான் சாயங்காலம் வந்து பாத்துக்குவாரு, கண்ணாடிய நீலக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருப்பாரே அவரு என்றார். அந்த நீலக் கயிறு எந்தக் கடைக் கயிறு என்று எனக்குச் சொல்லவேண்டுமா. சுவர் முழுக்க அடித்திருந்த மரத் தட்டுகளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் பன்னிரண்டடித் தார்ப்பாய்ச் சுருள் படுக்கிற நீளம். தட்டின் முனையில் சுருள் உருண்டு விழாமல் நிற்க ஒரு கட்டை வைத்திருக்கிறீர்களே, அது நான் யோசித்து நம் கடையில் வைத்தது, வேறெங்கும் கிடையாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அந்தத் துண்டைக் கொண்டுவந்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டார், அப்புறம் கையைக் கழுவிவிட்டு வந்து, அவனே சொல்லுவான்னு இருந்தேன் என்றார். எப்போ, திறப்பு விழாவுக்குப் பத்திரிகை குடுக்கும்போதா என்றேன். உங்கிட்ட சொன்னா நடக்க விடுவியா, அவனுக்கும் சொந்தமா ஒண்ணு பண்ணணும்னு இருக்காதா, அங்க வேலைய விட்டு மூணு மாசமாச்சு என்றார்.

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பொய் சொல்ல எனக்கென்ன. சொல்லிவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்றாம் நாள் உன்னோடு வந்து இடம் பார்த்திருப்பேன். நீ கடை போடுவது எனக்குப் பெரிதில்லை தம்பி, இந்தத் தெருவில் என் எதிரில் கடை போட்டவர்கள் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் நேராக வந்து அக்கா நாளையிலிருந்து நானும் இந்தச் சரக்குதான் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். நீ தெருமுனை லாட்ஜில் உட்கார்ந்துகொண்டு குளிருகிறது என்று சொன்னாய். நான் உன் தொண்டைக்காக அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அதையும்கூட விட்டுவிடுவேன். ஆனால் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, உன் வாசனைக்கு உருகுகிற அந்த வாயில்லாததை நாடுகடத்தப் பார்த்தீர்களே அப்பாவும் பிள்ளையும், அதுவும் அதன் நல்லதுக்கு என்று என் வாயாலேயே சரி சொல்லவைத்து, அதுதான் எனக்கு இறங்கவில்லை. எத்தனையோ ஏஜென்ட்டுகளைப் பார்த்தவள் நான், கழுவி மெருகு போட்ட பேச்சை என் வீட்டுக்குள்ளேயே தடவிப் பார்த்துச் சரி என்றிருக்கிறேன்.

பண்ணைக்காரரின் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேனேஜர் எங்கும் போகாது. உன் கடைக்கு அது வருமானால் வரட்டும், நான் கட்டிவைக்க மாட்டேன், துரத்த மட்டும் துரத்தாதே. நீ வந்தால் அது ஓடிவந்து முனகும், நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவும் அப்படித்தான் வருவாள் என்று கணக்குப் போட்டுவிடாதே, எனக்கு எல்லாம் தெரியும். நீ நேராக நம் கடை வாசலில் ஏறி, ஆட்கள் இருக்கும்போதே, நான் இன்னதைச் செய்தேன் என்று உன் வாயால் சொல்லவேண்டும், அதுவரை எதிர்க்கடைக்காரருக்கு என்ன மரியாதையோ அதுதான் உனக்கு.

நீ நன்றாக இருக்கவேண்டும், கை வைத்த தொழில் விளங்கவேண்டும், அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஒன்றை மறக்காதே. அந்தக் கிடங்கின் பின்சுவர் மழைக்காலத்தில் அடியிலிருந்து ஓதம் ஏறும், மருந்துக்காரர் காலி செய்ததே அதனால்தான், அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. பின்பக்கத் தட்டைச் சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளிப் போடச் சொல், தரையில் ஒரு கட்டுகூட வைக்காதே. தச்சர் ஆணி அடித்து முடிப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும், அந்த ஊர் விலாசத்துக்கு அனுப்புவதா லாட்ஜுக்கு அனுப்புவதா என்றுதான் தெரியவில்லை, அதனால் அப்பா கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எதிர்க்கடை.