நான் நீக்கிய அக்டோபர்

நவம்பர் முடியப்போகிறது. இங்கே எடிசன் நகரில் இன்னும் ஒரு நாள்கூட உறைபனி விழவில்லை. காலையில் பின்கதவைத் திறந்தேன். மழையில் நனைந்து மக்கும் மேப்பிள் இலைகளின் வாசம் கனமாக வந்தது. "மண்ணு மூச்சு விடுது புள்ள" என்பாய் நீ, உன் ஈரோட்டுப் பேச்சில். காபி ஆறும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அலாஸ்காவின் ஊசியிலைக் காட்டுக்குள் ஓர் இரும்புக் கோபுரம். காடு எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது, எவ்வளவை வெளியே விடுகிறது என்று அதிலிருந்த கருவி அளந்து அனுப்பும். அங்கே போய்க் கருவியைப் பார்ப்பது நீ. இங்கே உட்கார்ந்து, பழுதான அளவுகளைக் களைவது நான்.

உன் கடைசி வருஷம், வசந்தம் சீக்கிரமே வந்துவிட்டது. மரங்கள் முன்கூட்டியே விழித்து, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வாயுவை இழுத்தன.

"பாத்தியாடி, சூடு ஏறினா காடு இன்னும் நல்லா வேலை செய்யுது" என்றேன்.

"வருஷம் முடியட்டும்" என்றாய். உனக்குக் கீமோ ஆரம்பித்திருந்த நேரம். எங்கிருந்தாவது ஒரு நல்ல செய்தி வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அக்டோபரில் எண்கள் தலைகீழாயின. வெளிச்சம் குறைந்து மரங்கள் ஓய்ந்த பிறகும் வாயு வெளியேறிக்கொண்டே இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நானாகவே முடிவுகட்டி, அந்த மாதம் முழுவதையும் நீக்கினேன். ஆஸ்பத்திரியில் இருந்த உனக்கு போன் பண்ணி அதைச் சொன்னேன்.

"யாராவது போய் மெஷினை செக் பண்ணாங்களா?"

"தேவையில்லடி. பாத்தாலே தெரியுது, எரர்."

"மண்ணு இன்னும் உறையாம இருந்தா? மரம் தூங்கிரும், மண்ணு தூங்காது புள்ள. உனக்குப் புடிக்காத நம்பரெல்லாம் தப்பாயிருமா?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். "உனக்கு உடம்பு சரியில்ல. அதான் எல்லாமே கெட்டதாத் தெரியுது."

"நர்ஸ் வந்துட்டாங்க, வெக்கிறேன்" என்றாய். மறுநாள் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் வெட்கம். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு ஐசியூவில் சேர்த்தார்கள். பிறகு நீ யாரிடமும் பேசவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் நானே அலாஸ்கா போனேன். கருவியை மூன்று முறை சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. முந்தைய வருஷப் பதிவுகளையும் வரிவரியாகப் பார்த்தேன், அவையும் சரி. கோபுரத்தடியில் மெல்லிய பனியை விலக்கிக் கையை வைத்தேன். இறுகிக் கிடக்க வேண்டிய மண்ணில் விரல் இறங்கியது. உறையாத மண்ணில் இலைதழை மக்கிக்கொண்டே இருக்கும், வாயுவும் வந்துகொண்டே இருக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கூட வந்தவர் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

நீக்கிய மாதத்தைத் திரும்பச் சேர்த்தேன். வசந்தத்தில் காடு கூடுதலாக இழுத்ததில் பெரும்பகுதியை இலையுதிர் காலம் வெளியே விட்டிருந்தது. மீட்டிங்கில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, முதலில் கேள்வி கேட்டது நீ என்று சொன்னேன். நேர்மைக்காக என்னைப் பாராட்டினார்கள். கூசிப்போனேன்.

இப்போதெல்லாம் எனக்குப் பிடிக்காத எண் வந்தால் அதைத் தொடுவதில்லை. யாராவது நேரில் போய்ப் பார்க்கும்வரை காத்திருக்கிறேன். அதையாவது உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் உன் கணவர், வீட்டுக்கு வந்தவர்களிடம், "கடைசி வரைக்கும் அவளுக்குத் தைரியம் சொன்னது இவங்கதான்" என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன். நான் சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. இன்றுதான் முதல் முறையாக அதை எழுதியிருக்கிறேன். அவரிடம் போய்ச் சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை.