மலை நகராத படங்கள்

செவ்வாய், இரவு

நாங்கள் கட்டும் வீட்டின் கூரைக்குப் போட்ட காங்கிரீட் இறுக வேண்டுமென்றால் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் நிற்கிறதா என்று தெரிய, மேஸ்திரி தினமும் வேறு வேறு பாத்தியைப் படமெடுத்து எங்கள் போன் ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று நான்தான் விதி வைத்தேன். கல்லூரி நாளிலிருந்து நண்பன், இப்போது தொழிலில் கூட்டாளி கதிர். முதலில் சிரித்தான், பிறகு நல்ல யோசனை என்றான்.

இன்று வீட்டுக்காரருக்கு அனுப்புவதற்காகப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பின்னால் திருச்செங்கோட்டு மலை ஒரே இடத்தில் நின்றது. வேறு வேறு பாத்தி என்றால் மலை படத்துக்குப் படம் நகர்ந்திருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கூரை மேல் ஏறிப் பார்த்தேன். ஓரத்துப் பாத்தி ஒன்றில்தான் தண்ணீர். மற்றதெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நடுவில் மயிரிழை போல விரிசல்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கதிர் சார்தானுங்க படத்துக்கு ஒரு பாத்தி போதும்னாரு. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சனுங்க."

கதிருக்குப் போன் போட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"தண்ணி லாரி கெடைக்கறதே பெரும்பாடா இருக்குது. ஊட்டுக்காரர் மேல ஏறியா பாக்கப் போறாரு? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மலையைச் சொன்னேன்.

"செரி உடு, இன்னைக்கே சரி பண்ணீர்றேன்" என்றான்.

வெட்கப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். அவனுக்காகக் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன்.

இப்போதுதான் போன் ஒளிர்ந்தது. இன்றைய படத்தைக் கதிரே ஏற்றியிருக்கிறான். அதே ஓரத்துப் பாத்தி, அதே தண்ணீர். மலையை மட்டும் படத்திலிருந்து வெட்டியிருக்கிறான்.