பேனரில் என் பெயருக்குப் பின்னால்

துறைமுகமே கேட்கக் கூவிய என் அப்பாவுக்கு,

தேங்காய்த்திட்டில் உன் இடத்தில் இப்போது வேறொருவர் நின்று மீன் ஏலம் விடுகிறார். கையில் மைக் வைத்திருக்கிறார். நீ மைக் இல்லாமலே கடைசிப் படகு வரைக்கும் கேட்க வைப்பாய். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நான் காலேஜில் மூன்றாம் வருஷம் வந்துவிட்டேன், தினமும் அதே காலாப்பட்டு பஸ்தான். இதெல்லாம் நல்ல சேதி. நல்லதில்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் உனக்கு முதலாண்டு நினைவுநாள். தெருமுனையில் பேனர் வைத்தோம். நடுவில் நீ, அந்த நீலச் சட்டைப் படம்தான். கீழே வழக்கம்போல நம் எல்லோர் பெயரும், படிப்போடு. பெரியப்பா மகனுக்கு பி.காம்., அவன் மனைவிக்கு எம்.சி.ஏ. பேனர் கடைக்காரர் போனில் காத்திருக்க, அம்மா என்னைக் கேட்டாள்.

"உனக்கு இன்னா போடறது பாப்பா? மொட்டையா வுட்டா நல்லாருக்காது."

என்னத்தைச் சொல்வேன்? லிபரல் ஆர்ட்ஸ் என்றால் "ஆர்ட்ஸுன்னா படம் வரையறதா?" என்பார் பெரியப்பா. பல துறைகளைச் சேர்த்துப் படிக்கிறேன் என்றால் "எதுலயும் முழுசா இல்லன்னு சொல்லு" என்று அத்தை சிரிப்பாள். முதல் வருஷம் பொறுமையாக விளக்கினேன். இரண்டாம் வருஷம் "டிகிரி" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியுமா?

"பி.இ.ன்னு போட்டுடச் சொல்லும்மா," என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனில் அப்படியே சொல்லிவிட்டாள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை அப்பா. பேனரைப் பெரியப்பா நின்று படித்தார். சிரித்தாரா என்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

படையல் முடிந்து பந்தி போடும் நேரத்தில் மாணிக்கம் மாமா வந்தார். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற உன் கூட்டாளிதான். கூடவே அவர் மகள் ஷாலினி. இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மாமா பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இன்ஜினியரிங் மாறிட்டியாம்மா? நல்லதாப் போச்சு. இவளும் நீ படிச்சதத்தான் படிப்பேன்னு ஒரே அடம். எல்லாம் மச்சான் பண்ண வேல. ஏலத்துக்கு நடுவுல மூச்சு வாங்கறப்பல்லாம் உன் படிப்புப் பேச்சுதான்."

"அப்பாவா? என்ன சொன்னாரு மாமா?"

"என் பொண்ணு ஒண்ணயே புடிச்சிக்கினு நிக்கலடான்னுவாரு. கடலு ஏன் ஊருக்குள்ள வருதுன்னு படிக்குது. அதுக்குச் சட்டம் இன்னா சொல்லுதுன்னு படிக்குது. வூட்டப் பறிகொடுத்தவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னும் படிக்குது. மூணும் தெரிஞ்ச ஆளு நம்ம குப்பத்துல எவன்டா இருக்கான்னு கேப்பாரு. இவ அதையெல்லாம் கேட்டுக்கினு நிப்பா."

அவை என் வார்த்தைகள். முதல் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ மத்தி மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னவை. நீ நிமிரவே இல்லை. "கொழம்பு ஊத்து," என்றாய். உன் காதில் விழவில்லை என்று நினைத்து நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனேன்.

"பேனரப் பாத்ததும் இவளே கம்முனு ஆயிட்டா. திங்கக்கெழம இன்ஜினியரிங்ல சேத்துடறேன்," என்றார் மாமா.

ஷாலினி என்னைப் பார்த்தாள். "நெஜமாவே மாறிட்டீங்களாக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாப்ட்டுட்டுப் போ" என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குச் சோறு போட்டதும் நான்தான். அவள் நிமிரவில்லை.

வெட்கமாக இருக்கிறது அப்பா. பெரியப்பா முன்னால் கூசியது போகட்டும், அது பழகிவிட்டது. நான் சொல்லக் கூசியதை நீ அத்தனை பேருக்கு நடுவே கூவியிருக்கிறாய். அதைக் கேட்டு ஒரு பெண் ஆசைப்பட்டிருக்கிறாள். நானோ, நீ சொன்னதெல்லாம் பொய் என்று உன் படத்துக்குக் கீழேயே அச்சடித்து மாட்டிவிட்டேன்.

காதில் விழுந்தது என்று ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா நீ? சொல்லியிருந்தால் எனக்குத் துணிச்சல் வந்திருக்குமா? பார், இதையும் உன் தலையில்தான் கட்டப் பார்க்கிறேன்.

இன்று ஞாயிறு. பேனரை நேற்றே அவிழ்த்துவிட்டார்கள். கோழிக் கூண்டுக்கு மேலே போட ஆகும் என்று பெரியப்பா வாங்கிக்கொண்டு போனார். அதில் ஒட்டித் திருத்த இனி ஒன்றுமில்லை, வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மாமா வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். நாளைக்குப் போனால் பயனில்லை.

இதை எழுதி முடித்ததும் கிளம்புகிறேன். மாமா திட்டுவார், திட்டட்டும். ஷாலினி இன்ஜினியரிங்கே படிக்கட்டும், அது அவள் இஷ்டம். ஆனால் நான் மாறிவிட்டேன் என்று நம்பி அவள் மாறக் கூடாது. கடல், சட்டம், வீடு இழந்தவர்கள் என்று நீ சொன்ன அதே வரிசையில் சொல்லிவிடுவேன். உன் அளவுக்குக் கூவ எனக்கு வராது. அந்தத் தெருவுக்குக் கேட்டால் போதும்.

அடுத்த வருஷம் பேனரில் என் பெயருக்குப் பின்னால் எதுவும் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் அப்பா.

உன் மகள்,
வெறும் தேன்மொழி