படகுத்துறையைப் பார்க்கும் இரண்டாவது ஆள்

என் அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனை எடுத்தாலே எனக்கு முன்னால் அழுகை பேசிவிடுகிறது. பிழை இருந்தால் சிரிக்காதே, நான் ஐந்தாவதோடு நின்றவள்.

பேத்திக்கு இருமல் விட்டதா, வெந்நீர் கொடு, ஈரத் தலையோடு படுக்க விடாதே. நான் திரும்ப லாண்டரி வேலைக்குப் போகிறேன். மேற்பார்வைக்காரம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன் என்றாள், வீட்டில் உட்கார்ந்து சுவரோடு என்ன பேசுவது என்று போய்விட்டேன். பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்தால்தான் முனைக்கு முனை சேரும், அதனால் அங்கே எப்போதும் எதிரே ஒரு முகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால்தான் முடியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு லைவ் கேமரா பைத்தியம் பிடித்துக் கிடந்தாரே. எங்கெங்கோ மலையிலும் தீவிலும் கம்பத்தில் கேமரா மாட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே இந்த நிமிஷம் நடப்பது இங்கே தெரிகிறது. பேர்போன ஊர்க் கேமரா எதுவும் அவருக்குப் பிடிக்காது. காலம் பூரா பஸ் ஓட்டினவன்டி நான், கூட்டத்தைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு, ஆளே ஏறாத ஸ்டாப்பாத் தேடுறேன் என்பார். அப்படித் தேடி, கழுதைகள் வந்து தண்ணீர் குடிக்கும் பாலைவனத் தொட்டி ஒன்றைப் பிடித்தார், பனிமலையில் பூட்டிய குடிசை ஒன்றைப் பிடித்தார், கடைசியில் ஒரு தீவின் படகுத்துறைக்கு வந்து நின்றுவிட்டார். ஒரு பலகைப் பாலம், ஒரு மஞ்சள் கம்பம், பின்னால் புல்மேட்டில் ஆடுகள், அதில் ஒன்று நொண்டி. எப்போதாவது ஒரு படகு வந்து சாமான் இறக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். படகுக்காரன் கரையில் அணைக்கும்போதெல்லாம் இவர் கட்டிலில் கிடந்தபடியே, இடது பக்கம் ஒடிடா மடையா, உனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான் என்று கத்துவார். வாய் கோணிப்போயும் திட்டு மட்டும் நேராக வந்தது.

அந்தப் படத்தின் மூலையில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரு எண் தெரியும். நான் ஹாலில் டிவியில் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்பேன், அவர் உள்ளறையில் போனில் பார்ப்பார், எப்போதும் இரண்டு. உலகத்துலயே இந்த வண்டிக்கு நாம ரெண்டு பேருதான்டி, டிக்கெட் எடுத்தியா என்று உள்ளேயிருந்து கேட்பார்.

அவர் போன பிறகு அந்த அறைக்குள் நான் போகவில்லை, கதவைச் சாத்திவிட்டு ஹாலிலேயே படுத்துக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பின அன்று சாயங்காலம் வீடு ஓவென்று கிடந்தது, டிவியைப் போட்டேன். துறை அப்படியே இருந்தது. மூலையில் பார்த்தால் இரண்டு. கிட்டப் போய்த் திரையை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன், இரண்டேதான். மறுநாளும் இரண்டு, எந்த நேரம் போட்டாலும் இரண்டு. யாரோ முகம் தெரியாத ஆள் என்று புத்தி சொல்லிற்று, மனசு கேட்டால்தானே. வேலை விட்டு வந்ததும் டீயோடு உட்கார்ந்து, இன்னைக்குப் படகு லேட்டு பார்த்தீங்களா, நொண்டியைக் காணோமே என்று பேசிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அம்மாவுக்குக் கழன்றுவிட்டது என்று உனக்குச் சேதி பறந்திருக்கும்.

போன வாரம் வாடகைக் கட்டிலை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரிதான் உள்ளறையைத் திறந்துவிட்டாள், நான் வாசற்படியைத் தாண்டவில்லை. கட்டிலை இழுத்தால் சுவர் ஓரத்தில் உன் அப்பாவுடைய போன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்தோமே, அதேதான். சார்ஜர் செருகியபடி, சத்தம் இல்லாமல், அந்தத் துறை ஓடிக்கொண்டே இருக்கிறது. தையல்காரி எடுத்து என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. காய்ச்சலில் உன் அப்பா கை எப்படி இருந்ததோ அப்படி. ஐயோ அக்கா, வெடிச்சுத் தொலைக்கப் போவுது என்று பிடுங்கி அணைத்துவிட்டாள், பாவம், நல்லதுக்குத்தான் செய்தாள். ஹாலுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த டிவியின் மூலையைப் பார்த்தேன். ஒன்று என்று இருந்தது.

அவர் செத்தது எனக்கு அன்றைக்குத்தான் நடந்தது. சாவு வீட்டில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன், கட்டில் தூக்க வந்தவர்கள் அப்படியே இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். திரும்பப் போட்டுடட்டுமா அக்கா என்று தையல்காரி பயந்துபோய்க் கேட்டாள். வேண்டாம் என்றேன். தெரிந்த பிறகு போட்டால் அது வெறும் போன்தானே.

மருமகள் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. வீடியோவில் கூப்பிட்டால் பின்னால் உள்ளறை தெரியும், காலிக் கட்டில் தெரியும், அதனால்தான் நீ கூப்பிடுவதில்லை என்று. முகம் பார்க்க வரமுடியாமல் போனது உன்னை எப்படி அறுக்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியாதா. புயலில் விமானம் கிளம்பவில்லை என்றால் நீ என்ன செய்வாய். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரே சொன்னார், அவன் டிரைவர் இல்லடி, பயணி, வண்டியை எடுத்தாத்தானே வருவான் என்று. உன்மேல் அவருக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, இதை நீ நம்ப வேண்டும்.

கட்டில் போய்விட்டது, ஆனாலும் நீ இந்த வீட்டைப் பார்க்க வேண்டாம், என்னையும் பார்க்க வேண்டாம். தையல்காரி அந்தப் படகுத்துறையை உன் போனுக்கு அனுப்புவாள். நான் சாயங்காலம் டீ போடும் நேரம் உனக்கு விடிந்திருக்கும், வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்ச நேரம் திறந்து வை. ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீ அழுதால் எனக்குத் தெரியாது, நான் அழுதால் உனக்குத் தெரியாது. படகுக்காரன் கோணலாக அணைத்தால் மட்டும் அப்பாவுக்குப் பதிலாக நீ ஒரு திட்டுத் திட்டு.

குழந்தையோடு நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். சார்ஜரில் போனைப் போட்டுவிட்டுத் தூங்காதே, மறக்காதே. நான் தினமும் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு என்று வந்தால் நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உன் அம்மா