சாட்சிக் கட்டம்

மார்ச் 4
ஆய்வு மையத்தில் இரண்டாம் மாத மருந்து கொடுத்தார்கள்: கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, மெக்னீசியம் மாத்திரை ஒன்று. முன்னது சர்க்கரையைச் சற்று ஏற்றிவிடுமாம்; பின்னது அதை இழுத்துப் பிடிக்குமா என்பது அவர்கள் கேள்வி. என் கேள்வி வேறு. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டுக்குக் கீழே வராவிட்டால் இன்சுலின்தான் என்று என் மருத்துவர் சொல்லிவிட்டார்.

தினமும் விழுங்கியதும் அட்டையின் சாட்சிக் கட்டத்தில் வீட்டார் ஒருவர் கையெழுத்திட வேண்டும். மனைவி என்னை விட்டு மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதமாகிறது. அவள் கையெழுத்தை நானே போடுகிறேன்.

மார்ச் 5
விழுங்கினேன். போட்டேன்.

மார்ச் 19
சந்தையில் கிலோவுக்கு நாற்பது கிராம் கூட்டிக் காட்டிய தராசு ஒன்றைப் பறிமுதல் செய்தேன். "எல்லாரும் பண்றதுதானே சார்" என்றார் கடைக்காரர். எடையளவு ஆய்வாளனிடம் சொல்லும் பேச்சா இது? வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தேன். பேனா சற்றுத் தயங்கியது. சற்றுத்தான்.

மே 6
சராசரி 9.2 இருந்தது 7.4 ஆகியிருக்கிறது. யாரிடம் சொல்வது? அலுவலகத்தில் சொன்னால் சர்க்கரை குறைந்ததற்கு இனிப்பு கேட்பார்கள்.

மே 8
ஆய்வு மைய நர்ஸ் என் அட்டைகளை வரிசையாகப் பரப்பினாள். "மூணு மாசமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. மேடம் ஒருநாள்கூட அவசரத்துல கிறுக்கலையா சார்?" என் மனைவியிடம் விசாரிப்பார்களாம்.

மே 9
விசாரித்துவிட்டார்கள். "ஆமா, நான்தான் தினமும் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்றாளாம். நர்ஸ் என்னிடம் மன்னிப்பு கேட்டாள்.

ஒன்பது மாதமாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. முகம் தெரியாத பெண்ணிடம் எனக்காக ஒரு பொய். யார் கேட்டா இந்தப் பிச்சையை?

மே 11
ஆய்வு மருத்துவருக்கு எழுதிக்கொடுத்தேன். கையெழுத்துகள் என்னுடையவை. மருந்து விழுங்கியது உண்மை. என் மனைவி கூறியது உண்மையன்று. மூன்றே வரிகள்.

ஆய்விலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மிச்ச மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 7.4 எந்த ஆய்விலும் இடம்பெறாது.

மே 12
மனைவியே அழைத்தாள். ஆய்வு மையம் அவளுக்கும் தகவல் சொல்லியிருக்கிறது.

"உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன். அதையும் பறிமுதல் பண்ணிட்டீங்க. ஏன் வந்துட்டேன்னு மக கேட்டுக்கிட்டே இருந்தா. இப்ப சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாள்.

உண்மையைத்தானே எழுதினேன்? வேற என்ன எழுதியிருக்கணும் நான்?

மே 13
மூன்றாவது வரி இல்லாமலும் அந்தக் கடிதம் நின்றிருக்கும்.

ஜூன் 30
மெக்னீசியத்தையும் கொழுப்பு மாத்திரையையும் கடையில் வாங்கி மூன்று வாரம் விழுங்கினேன். பிறகு இரண்டும் சேர்ந்தே விட்டுப்போயிற்று. எந்த நாளில் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 20
9.6.

மருத்துவமனை நர்ஸ், "முதல் ஒரு வாரம் வீட்டுல யாராவது..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு இன்சுலினை வயிற்றில் எந்த இடத்தில் போடுவது என்று காட்டினாள். இடது கையால் தோலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குத்திக்கொண்டேன்.