செத்த பூட்டு என்று நினைத்தேன்

என் அன்பு மலர் அக்கா,

மூன்று நாளாக ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றுகிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கொழும்பிலிருந்து கணினி திருத்துபவர் வந்திருந்தார். நம் ஓர்ஸ் ஹில் கந்தோரில் இடம்பெயர்ந்தோர் பதிவு இருக்கும் யுனிக்ஸ் கணினியைப் பார்த்துவிட்டு, பொறுப்பாளர் ஐயாவிடம் சொன்னார்: "கோப்பு ஒரு மிசினில, திறக்கிற ஆக்கள் வேற மிசினுகளில. இப்பிடி வயர் வழியாத் திறக்கேக்க பூட்டை நம்ப ஏலாது."

ஐயா தலையில் கைவைத்தார். "அப்ப மலர் பேருகளைச் சரியாத்தான் அடிச்சிருக்கிறா. மிசின் செய்த வேலைக்கு அவவைப் பேசிப்போட்டன்."

எல்லோருக்கும் ஒரு ஆறுதல். எனக்கு மட்டும் இல்லை. அந்தப் பெயர்கள் காணாமல் போன அன்று மிசின் பிழை விடவில்லை, அக்கா.

நீங்கள்தானே காட்டித் தந்தீர்கள்? ஒருவர் பதிவைத் திறந்தால் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பு உண்டாகும். அதுதான் பூட்டு, கண்டால் மற்றவர் கைவைக்கக் கூடாது. திறந்தபடி இருக்கும்போது கரண்ட் போனால், ஆள் இல்லாமலே பூட்டு கிடக்கும். அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'செத்த பூட்டு'. அதை அழிக்கலாம், ஆனால் முதலில் அடுத்த அறைக்குக் குரல் கொடுக்க வேண்டும்: "உள்ளுக்கு ஆரும் நிக்கிறியளோ?"

அன்று காலை கரண்ட் போய் வந்திருந்தது. பூட்டைக் கண்டேன், குரல் கொடுக்கவில்லை. முதல்நாள் நான் பிந்தி வந்ததை ஐயாவுக்குச் சொல்லிவிட்டீர்களென்று உங்களோடு கதை இல்லை. நானாகப் போய்க் கேட்பதா என்று வீம்பு. செத்ததுதான் என்று அழித்துவிட்டுத் திறந்தேன். நீங்களோ கரண்ட் வந்தவுடன் மறுபடி திறந்து, உள்ளேதான் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் சேமித்த பிறகு நான் சேமித்தேன். இலங்கைத்துறையிலிருந்து வந்த குடும்பங்களை நீங்கள் அப்போதுதான் சேர்த்திருந்தீர்கள். என் பிரதியில் அந்தப் பெயர்கள் இல்லை. ஒன்றும் மிஞ்சவில்லை.

நிவாரண வரிசையில் பெயரில்லாமல் திரும்பிய ஒரு தாய், கந்தோர் வாசலில் வந்து அழுதா. "நான் அடிச்சனான் ஐயா" என்று நீங்கள் மூன்று தரம் சொன்னீர்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி மேசை வேலை வேண்டாம். ஊருகளுக்குப் போய்ப் பேரெழுதிக்கொண்டு வாங்கோ" என்றார் ஐயா. இரண்டாவது கிழமை நீங்கள் போன வாகனம் கண்ணிவெடியில் அகப்பட்டது.

அந்த வாகனத்தில் உங்களை ஏற்றியது யார்? ஐயாவா, நானா?

உங்கள் செத்தவீட்டில் "அக்கா பிழை விடேல்லை" என்று நான் அழுததை உங்கள் அம்மா கேட்டிருக்கிறா. அன்புவழிபுரத்து வீட்டுக்கு எப்போது போனாலும் தேத்தண்ணி தந்து இதையே சொல்கிறா: "கந்தோரில என்ர பிள்ளையை நம்பினது நீ ஒருத்திதான்." நானும் தலையாட்டிவிட்டுக் குடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை ஐயாவிடம் சொல்லுவேன். பின்னேரம் அம்மாவிடம் சொல்லுவேன். அவ படலையைச் சாத்தினால் சாத்தட்டும். அந்தத் தேத்தண்ணியை இனி என்னால் குடிக்க ஏலாது, அக்கா.

உங்கள் தங்கச்சிதான்,
சுகந்தி