போர்வையைத் தூக்கிப் பார்க்காதவர்கள்

மாமி,

இன்று காலை முருங்கன் போகும் பஸ்ஸில் ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். கழுத்து நிறைய ரோசாப்பூ மணக்கும் பவுடர். யன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டிக்கொண்டேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ தெரியாது. எனக்கு அது உங்களுடைய அறையின் மணம். உங்களைப் பராமரிக்க வந்தவர்கள், உங்கள் முதுகில் இருந்த புண் எங்கள் மூக்குக்குத் தெரியக்கூடாது என்று அள்ளிக் கொட்டிய மணம்.

பன்னிரண்டு வருஷம் உங்களுக்கு மருமகளாக இருந்தேன். ஒரு நாளாவது என் சமையலை நல்லது என்று நீங்கள் சொன்ன நினைவில்லை. "புளி காணாது பிள்ளை" என்பீர்கள். புளி விட்டால், "பால் கூடிப்போச்சு." தலைமன்னார் தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில், விலாசத்தைக் கிறுக்கி எழுதியவர்களைத் திரும்ப எழுத வைத்துத்தான் விடுவீர்களாம். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகும் உங்கள் நாக்கு மட்டும் விழவில்லை.

உங்கள் மகன் கட்டாரில் உழைக்கப் போயிருந்தார். எனக்கு வவுனியாவில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வர முடிந்தது. அதனால்தான் முதியவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓர் அமைப்பிடம் உங்களை ஒப்படைத்தோம். காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு பிள்ளை உங்களுடன் நிற்கும் என்றார்கள். இரவில் துணைக்குப் படுக்க வந்த உங்கள் தங்கைக்குக் கண் தெளிவில்லை. தலைமாட்டில் ஒரு கொப்பி தொங்கியது. உடம்பு துடைத்தது, உடுப்பு மாற்றியது, திருப்பிப் படுக்க வைத்தது, எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டிருந்தது. நான் துடைத்துவிடவா என்று கேட்டால், "மருமகள் பாக்கிற உடம்போ இது? விடு" என்று இடக்கையால் போர்வையை இழுத்துக்கொள்வீர்கள். நானும் கொப்பியை நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை, பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று மதிப்பிட ஓர் அதிகாரி வந்தார். கதிரையில் இருந்து கொப்பியைப் புரட்டினார். அமைப்பின் மேற்பார்வையாளர் உங்கள் தலைமாட்டில், உங்கள் தோளில் கைவைத்தபடி நின்றாள்.

"அம்மா, உங்களை வடிவாப் பாக்கினமோ?" என்று அதிகாரி கேட்டார்.

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஓம். ஒரு குறையும் இல்லை."

அதிகாரி 'மிக நன்று' என்று எழுதிக்கொண்டு போனார். போர்வையை அவர் தொடவேயில்லை. நான் சந்தோஷப்பட்டேன் மாமி. மனிசி ஒருவழியாகத் திருப்திப்பட்டுவிட்டா என்று நினைத்தேன். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கும் நீங்கள் அப்படிச் சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தாதி உங்களைத் திருப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. எலும்பு தெரிந்தது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"குறை சொன்னால் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு அந்த மேற்பார்வைக்காரி சொன்னவ. நீ வேலையை விட்டிட்டு வந்திடுவாய் எண்டுதான் பேசாமல் கிடந்தனான்."

ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களைப் பார்க்க வந்த அந்தப் பிள்ளையைப் பிறகு தேடிப் பிடித்தேன். அழுதது. ஒரு நாளில் நாலு வீட்டுக்கு அதை ஓடவிட்டுவிட்டு, கொப்பியைத் தானே இருந்து நிரப்பியிருக்கிறாள் மேற்பார்வையாளர்.

பிறகு நானும் பயிற்சி எடுத்து, வீட்டுப் பராமரிப்பை மதிப்பிடுகிறவர்களுடன் சேர்ந்தேன். முதியவர்களுக்கு உதவ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பொய். அந்த மேற்பார்வையாளருக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து விடத்தல்தீவில் கிடைத்தாள். ஒரு காலத்தில் கடற்தொழிலுக்குப் போய் வந்த ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தார். அதே பவுடர் மணம், அதே மாதிரிக் கொப்பி. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றேன்.

"நான் நிக்க வேணும் மிஸ். ஐயாவுக்குப் பயம்."

"ஐயாவுக்கோ, உங்களுக்கோ?"

கதவைச் சாத்தினேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினார். போர்வையைத் தூக்கினேன். இரண்டு குதிக்காலும் கறுத்துப்போயிருந்தன. அவளை உள்ளே கூப்பிட்டேன்.

"இவரை ஒருக்காத் திருப்பிக் காட்டுங்கோ."

எங்கே கை கொடுத்துப் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. நானே திருப்பினேன். பிறகு நிமிர்ந்து சொன்னேன்: "தலைமன்னார் தபால் கந்தோர் அம்மாவை ஞாபகம் இருக்கோ? நான் அவவின்ர மருமகள்."

"மிஸ், எழுதிப்போடாதேங்கோ" என்றாள். "எனக்கும் ஒரு அம்மா இருக்கிறா."

அவள் பார்க்கப் பார்க்க எழுதினேன். ஒவ்வொரு வரியும் எனக்கு இனித்தது.

அவளை முன்பே தெரியுமா என்று கந்தோரில் பிறகு கேட்டார்கள். ஓம் என்றேன். இன்னொருவரை அனுப்பிப் பார்த்தார்கள். நான் எழுதியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. அமைப்பிடமிருந்து வேலையைப் பறித்தார்கள். அவளும் வேலை இழந்து வீட்டுக்குப் போனாள். தெரிந்தவள் என்பதை மறைத்ததற்காக ஆறு மாதம் என்னையும் மதிப்பிட வெளியே அனுப்பவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் நான் கவலைப்படவில்லை. பெரியவரின் குதிக்கால் ஆறிவிட்டது.

போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. தாய் கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறாவாம்.

"ஆரை நம்பி விடுறது எண்டு தெரியேல்ல மிஸ். நீங்கள் ஒராளைச் சொன்னால்..."

கொப்பியை நிரப்பி வையுங்கோ என்று சொல்ல நாக்கு துடித்தது. கடைசியில், மன்னாரில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒருத்தியின் பெயரைக் கொடுத்தேன். அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். "உங்கட அம்மாவுக்காகத்தான் சொன்னனான்" என்று போனை வைத்தேன்.

இன்று முருங்கனில் மதிப்பிடப் போனது அவளுடைய அந்த வீட்டுக்குத்தான். அவளை முன்பே தெரியும் என்று இந்த முறை எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தாயின் முதுகைப் பார்த்தேன், குதிக்காலைப் பார்த்தேன். ஒரு சிவப்பும் இல்லை. அப்படியே எழுதினேன்.

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். கூட வந்தவர் எடுத்தார். அவள் என் முன்னால் தட்டைப் பிடித்தபடி நின்றாள். வெளியே நல்ல வெயில், தொண்டை வறண்டு கிடந்தது. நான் தொடவில்லை, மாமி. அந்த வீட்டில் ஒரு மிடறும் என் தொண்டையால் இறங்காது.